மன்னர் மாறினர், யாப்பு மாறவில்லை

நம் சங்க மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, "நான் பேராசிரியன் இல்லீங்க, ராபர்ட்சன்பேட்டையில் அரிசிக் கடை வைத்திருக்கிறவன்" என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்க படிச்சதை எழுதுங்க ஐயா, அது போதும்" என்று விட்டார்கள். நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்த படிப்புதான். 2001இல் சுரங்கம் மூடிய பிறகு கூட்டம் இல்லாத நேரம் அதிகமாகிவிட்டது, படிப்பும் அதிகமாகிவிட்டது. குற்றம் இருந்தால் கற்றறிந்த பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

இக்கட்டுரை எழுந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கல் விழாவில் வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் பக்தி இயக்கத்தைப் பற்றிப் பேசினார். நல்ல குரல், நல்ல தமிழ். பேச்சின் நடுவே, "சமணர் பாட்டை வெறுத்தனர், பெண்ணை வெறுத்தனர், கலையை வெறுத்தனர். அப்பரும் சம்பந்தரும் வந்தனர். மன்னன் மாறினான். மறுநாளே தமிழகம் மாறியது" என்றார். ஒரே கைதட்டல். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி என் கையைப் பிடித்து, "தாத்தா, அவர் சொல்ற சமணர்னா நாமளா?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த ஊரில் நாங்கள் ஜெயின் என்று சொன்னால் "சேட்டுங்களா? தமிழ் இவ்வளவு நல்லாப் பேசறீங்களே!" என்பார்கள். என் தகப்பனார் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். எங்களுக்குத் தாய்மொழி தமிழ்தான். வேறு மொழி எங்கள் வீட்டில் என்றும் இருந்ததில்லை. கன்னட நாட்டில் நாம் எல்லோரும் தமிழர். தமிழர் கூட்டத்தில் நாங்கள் மட்டும் கலையை வெறுத்தவர்களா? பேத்திக்கு அன்று சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆயினும் இது சண்டைக்கு எழுதியது அன்று. ஒரு புதிய தத்துவம் எப்படிப் பரவுகிறது, கலையையும் அரசையும் எப்படி மாற்றுகிறது என்ற பொதுக் கேள்விக்கு நம் தமிழ் வரலாறே நல்ல சான்று. அந்தப் பேச்சாளர் சொன்ன மூன்றையும் ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்ப்போம்.

1. முதலில் மாறியவன் மன்னனா?

தத்துவம் அரண்மனையில் பிறந்து ஊருக்குள் இறங்கி வரும் என்று நாம் நினைக்கிறோம். கல்வெட்டு வேறு விதமாகச் சொல்கிறது. மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் குன்றில் உள்ள தமிழ்-பிராமிக் கல்வெட்டுகள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டை ஒட்டியவை. கணிநந்தன் என்ற சமணத் துறவிக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தி அவற்றில் உள்ளது. கொடுத்தவர்களில் பாண்டியன் நெடுஞ்செழியனைச் சேர்ந்தவர்கள் உண்டு. வெள்ளறை என்ற ஊரின் நிகமத்தாரும் உண்டு. நிகமம் என்றால் வணிகர் குழு. அதாவது நம் தொழில்காரர்கள்! உப்பும் துணியும் போன வழியிலேயே துறவியும் நடந்து போனார். சாத்து எனப்பட்ட வணிகக் கூட்டம் தங்கிய இடத்தில் அவரும் தங்கினார். புதிய எண்ணத்துக்கு முதல் வண்டி வியாபாரியின் வண்டிதான்.

இப்போது ஏழாம் நூற்றாண்டுக்கு வருவோம். அப்பர் முதலில் சமணர். தருமசேனர் என்ற பெயரில் பள்ளியின் தலைமையில் இருந்தவர். சூலை நோய் வந்து தமக்கை திலகவதியாரிடம் சென்று சைவர் ஆனார். பிறகு பல்லவ மன்னன் அவரை நீற்றறையில் இட்டான், நஞ்சு கொடுத்தான், கல்லோடு கட்டிக் கடலில் போட்டான், கடைசியில் தானும் மாறினான் என்று பெரியபுராணம் கூறும். மதுரையில் பாண்டியன் மாறுவதற்கு முன்பே அரசி மங்கையர்க்கரசியார் சைவர். சம்பந்தரை அழைத்தவரே அவர்தான். இரண்டு கதையிலும் வரிசையைக் கவனியுங்கள். வீட்டுப் பெண் முதலில், மன்னன் கடைசியில். சேக்கிழார் பெருமானே மன்னன் பின்னால் வந்தான் என்றுதான் எழுதி வைத்திருக்கிறார். பேச்சாளர்கள்தான் அவனைத் தூக்கி முன்னால் நிறுத்துகிறார்கள்.

அந்தப் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது அறிஞர் முடிபு. சேக்கிழார் அவன் பெயரைச் சொல்லவில்லை. சமணப் பள்ளியை இடித்து அந்தப் பொருளால் திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினான் என்கிறார். குணபரன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர். திருச்சி மலைக்கோட்டைக் குகையின் வடமொழிக் கல்வெட்டிலும், குணபரன் என்ற மன்னன் எதிர்நெறியிலிருந்து திரும்பினான் என்ற குறிப்பு, தருக்க நூலின் சொற்களை வைத்துச் சிலேடையாக வருகிறது. ஆக, மன்னன் மாறினான் என்பது வெறுங்கதை அன்று.

மாறிய மன்னன் கலைக்கு என்ன செய்தான் என்று பார்க்க வேண்டும். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்புச் சாந்து இவை எதுவும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் கோயில் குடைந்தேன் என்று மண்டகப்பட்டில் வியப்போடு எழுதி வைத்தான். மலைப்பாறையைத் தங்குமிடமாக்கும் வழக்கமோ அதற்கு எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே மாங்குளத்தில் துறவியர் படுத்த பாறைகளில் தொடங்கிவிட்டது. துறவி படுக்கப் பயன்பட்ட மலை, இறைவன் நிற்கப் பயன்படும் மலை ஆயிற்று. மகேந்திரன் செய்த புதுமை பெரிது. மாமல்லபுரத்துக்கும் காஞ்சிக் கயிலாசநாதருக்கும் தஞ்சைக்கும் வழி திறந்தவன் அவனே. ஆனால் வெறுந்தரையில் எழுந்த புதுமை அன்று அது.

உலகம் முழுவதும் இப்படித்தான். 313இல் ரோமப் பேரரசில் கிறித்துவத்துக்கு உரிமை கிடைத்த பிறகு எழுந்த பெரிய தேவாலயங்கள், பழைய ரோமரின் வழக்கு மன்றக் கட்டட அமைப்பையே எடுத்துக்கொண்டன. புதிய வழிபாடு பழைய கொத்தனாரின் கையால்தான் வடிவம் பெற வேண்டும். வேறு கை கிடையாது!

2. சமணர் கலையை வெறுத்தனரா?

இதற்கு நீண்ட வாதம் தேவையில்லை. அரங்கேற்று காதையில் ஆடலாசானும் இசையாசானும் எப்படி இருக்க வேண்டும், அரங்கின் அளவு என்ன என்று வகுத்துச் சொன்ன இளங்கோவடிகளைச் சமணத் துறவி என்றே மரபு கூறும். சித்தன்னவாசல் குகை சமணக் குகை. அதன் கூரையில் தாமரைக் குளம். தூண்களில் ஆடும் மகளிர். துறவியர் தங்கும் இடத்தில் நடன மங்கையரை எழுதியவன் கலையை வெறுத்தவனா?

அந்த ஓவியத்தின் காலத்தையும் பாருங்கள். முன்பு அதை மகேந்திரன் காலத்தது என்றார்கள். பிறகு கல்வெட்டு ஒன்று தெளிவாக்கியது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அக்குகையைப் புதுப்பித்தார். காலம் ஒன்பதாம் நூற்றாண்டு, பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலம். சம்பந்தர் மதுரைக்கு வந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழித்து, அதே மதுரையின் பெயரைத் தாங்கிய சமண ஆசிரியர், அதே பாண்டியர் ஆட்சியில் குகைக்கு வண்ணம் தீட்டுகிறார். "மறுநாளே மாறியது" என்ற வாக்கியம் இங்கே உடைந்து போகிறது.

மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதையைக் கேட்பீர்கள். அந்த நூற்றாண்டுக் கல்வெட்டு எதிலும் இச்செய்தி இல்லை. பிற்கால நூல்களில்தான் வருகிறது. சண்டையே நடக்கவில்லை என்று சொல்ல நான் வரவில்லை. பள்ளி இடிந்ததைச் சேக்கிழாரே சொல்கிறார். அது இருக்கட்டும், நம்மவர்களும் சும்மா இல்லை. குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியத்தை மறுக்க நீலகேசி என்ற சமணக் காப்பியம் எழுந்தது. நீலகேசி முழுதாக இருக்கிறது. குண்டலகேசியில் சில பாடல்களே மிச்சம். அந்த நூல் போனதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. கணக்கு என்றால் பற்று, வரவு இரண்டையும் எழுத வேண்டும்.

3. படி அளந்தது யார்?

சமணம் ஏன் பின்வாங்கியது என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். எங்கள் நெறியில் முதலிடம் துறவிக்கு. இல்லறத்தான் அடுத்த படியில் நின்று அவருக்கு உணவிடுகிறான். பக்தி நெறியோ இல்லறத்தானைப் பார்த்து, "நீ மனைவி மக்களோடு இரு, தொழிலைச் செய், பாடு, போதும்" என்றது. அதோடு தேவாரம் 270க்கும் மேற்பட்ட ஊர்களைப் பெயர் சொல்லிப் பாடியது. தன் ஊரும் தன் ஊர்க் குளமும் பாட்டில் வந்தால் யார்தான் நெகிழ மாட்டார்? பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கு அது நன்றாகப் புரியும்.

ஆனால் பாட்டு மட்டும் போதாது. பாடுகிறவன் சாப்பிட வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை நான் அரிசிக் கடைக்காரன் கண்ணால் படித்தேன். முதலாம் இராசராசன் அங்கே தேவாரம் பாட 48 பிடாரரும், உடுக்கைக்கு ஒருவரும், கொட்டி மத்தளத்துக்கு ஒருவருமாக 50 பேரை அமர்த்தினான். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு முக்குருணி நெல். பன்னிரண்டு குருணி ஒரு கலம். கணக்குப் போட்டால் ஒருவருக்கு ஆண்டுக்கு 91 கலத்துக்குக் கொஞ்சம் மேல். ஐம்பது பேருக்கு 4,562 கலம். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம். மொத்தம் 40,000 கலம். இவ்வளவு நெல்லை ஒரு கோயில் அளக்கிறது என்றால், அதற்கு நிலம் எழுதி வைத்த அரசும், வரி கட்டிய ஊர்களும், கணக்கு எழுதிய கரணத்தாரும் அந்தத் தத்துவத்தோடு பிணைந்துவிட்டார்கள். அரசன் கோயிலைத் தாங்கினான். கோயில் அரசனைத் தாங்கியது. இராசராசன் தன் பெயரையே வைத்து இராசராசேச்சரம் என்றான். புதிய எண்ணம் அரசை மாற்றும் விதம் இதுதான். பட்டாபிஷேகத்தில் தெரியாது, நெல்லுக் கணக்கில் தெரியும்.

அதே குடும்பத்தில் இராசராசனின் தமக்கை குந்தவையார் திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் சினனுக்கும் தனித்தனியே மூன்று கோயில் எடுத்தார் என்று கல்வெட்டு உண்டு. ஓங்கிய சைவத்தின் உச்சத்திலேயே அரண்மனைக்குள் ஜினாலயத்துக்கும் இடம் இருந்தது.

4. இரண்டு காப்பியங்கள்

இனிக் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். அநபாயன் எனப்பட்ட இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) சமண நூலாகிய சீவக சிந்தாமணியில் மூழ்கிக் கிடந்தான். அமைச்சரான சேக்கிழார் அதைக் கண்டித்து அடியார் வரலாற்றை எடுத்துச் சொன்னார். அதனால் பெரியபுராணம் பிறந்தது. இது உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் சேக்கிழார் வரலாற்றில் வருவது. ஏறத்தாழ இருநூறு ஆண்டு பிந்திய செய்தி. அப்படியே நடந்ததோ இல்லையோ, கதை எதை ஒப்புக்கொள்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். அப்பருக்கு ஐந்நூறு ஆண்டு கழித்தும் சோழ மன்னன் கையில் இருந்தது சமணக் காப்பியம் என்பதை எதிர்ப்பக்கத்தாரே ஒப்புக்கொள்கிறார்கள்!

சிந்தாமணி விருத்தப்பாவில் அமைந்த முதல் பெருங்காப்பியம். பதின்மூன்று இலம்பகம், மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல். "சமணத் துறவிக்கு இன்பச் சுவை பாட வருமா?" என்று கேலி செய்தவர்களுக்குப் பதிலாகத் திருத்தக்கதேவர் இதைப் பாடினார் என்று ஒரு கதை. காந்தருவதத்தையார் இலம்பகத்தில் சீவகன் யாழ்களை ஒவ்வொன்றாக வாங்கி, இந்த மரத்தில் இன்ன குற்றம், இந்த நரம்பில் இன்ன குற்றம் என்று தள்ளும் இடம் உண்டு. கருவியைக் கையால் தொட்டுப் பழகாதவர் எழுத முடியாத பகுதி அது. எட்டுப் பெண்களை மணந்து, நாட்டை மீட்டு, ஆண்டு, கடைசியில் சீவகன் துறவு கொள்கிறான். துறவின் பெருமையைச் சொல்ல இவ்வளவு இன்பத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. நூலின் வலிமையும் அதுதான், சிக்கலும் அதுதான். படிக்கிறவன் கடைசி இலம்பகம் வரை வராமல் நடுவிலேயே தங்கிவிடலாம். சேக்கிழார் அஞ்சியதும் அதைத்தான் போலும். அந்த அச்சத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

சேக்கிழார் என்ன செய்தார்? சிந்தாமணி நாட்டு வளம், நகர வளம் பாடித் தொடங்குகிறது. பெரியபுராணமும் மலை, நாடு, நகரம் என்று தொடங்குகிறது. சிந்தாமணி விருத்தம், பெரியபுராணமும் விருத்தம். மறுக்க வந்தவர் பழைய வீட்டின் வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார். ஆனால் உள்ளே வந்து அவர் செய்த மாற்றம் மிகப் பெரிது. சிந்தாமணிக்கு ஒரே தலைவன், அவன் அரசன். பெரியபுராணத்துக்கு அறுபத்து மூவர். குயவர், வண்ணார், வேடர், வலைஞர், எண்ணெய் ஆட்டுகிறவர், புலையர், அவர்களுக்கு நடுவே அரசர். அமர்நீதியார் துணி வியாபாரி. காரைக்கால் அம்மையார் வணிகர் வீட்டுப் பெண். காப்பியத் தலைவன் அரண்மனையில்தான் பிறக்க வேண்டும் என்ற சட்டத்தைச் சேக்கிழார் உடைத்துவிட்டார். சமணனாகிய நானே சொல்கிறேன், கண்ணப்பர் கதையைப் படிக்கும்போது கண் கலங்காமல் இருந்ததில்லை.

அதனால்தான் எனக்கு ஒரு குறை மனத்தில் தைக்கிறது. வேடனுக்கு அவ்வளவு பெரிய உள்ளத்தைக் கொடுத்த அதே கவிஞர், தம் நூலில் வரும் சமணருக்கு ஒரு முகம்கூடக் கொடுக்கவில்லை. அவர்கள் கூட்டமாக வருகிறார்கள், கூட்டமாகச் சூழ்ச்சி செய்கிறார்கள், கூட்டமாகத் தோற்கிறார்கள். தருமசேனரைத் தலைவராக ஏற்றுப் போற்றிய பள்ளியில் அவர் பிரிந்தபோது வருந்தியவர் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டாரா? அந்த ஒருவரைச் சேக்கிழார் எழுதியிருந்தால் அப்பர் கதை இன்னும் உயர்ந்திருக்கும் என்பது என் தாழ்மையான கருத்து. தத்துவத்தைப் பரப்பக் கலை கையாளாகும்போது எதிரியின் முகம்தான் முதலில் அழிகிறது. இந்தக் குறை சேக்கிழாருக்கு மட்டும் உரியதன்று. நீலகேசியில் வரும் பௌத்தர்களுக்கும் இதே கதிதான். ஆயிரம் ஆண்டு கழித்து மேடையில் பேசுகிறவர் அந்த முகமில்லாத கூட்டத்தையே எடுத்துக்கொள்கிறார். கீழே உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தை அதில் தன் முகத்தைத் தேடுகிறது.

யாப்போ இந்தச் சண்டை எதையும் கேட்கவில்லை. விருத்தம் தேவரிடமிருந்து சேக்கிழாருக்குப் போனது, கம்பருக்கும் போனது. கம்பர் சிந்தாமணியிலிருந்து ஓர் அகப்பை முகந்துகொண்டதாகச் சொன்னார் என்று செவிவழிச் செய்தியே உண்டு. சிந்தாமணிக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் சைவர். 1887இல் அதை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையரும் சைவ மரபில் வந்தவர். திருவாவடுதுறை மடத்தில் படித்தவர். நூலில் விளங்காத சமயச் செய்திகளைக் கும்பகோணத்துச் சமண வீடுகளுக்குச் சென்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த வீடுகளில் சிந்தாமணியை அப்போதும் பாராயணம் செய்துகொண்டிருந்தார்கள். தோற்றதாகச் சொல்லப்பட்ட நூலைத் தமிழ் உலகுக்கு மீட்டுக் கொடுத்தவர் வென்றதாகச் சொல்லப்பட்ட பக்கத்தைச் சேர்ந்தவர். நம் தமிழுக்கு இதைவிடப் பெருமை வேண்டுமா?

5. கோலாரான் கேட்ட இலக்கணம்

இதுவரை சொன்னதெல்லாம் தமிழ்நாட்டுக் கதை, நமக்கென்ன என்று கேட்பீர்கள். நம் வாசலுக்கே வருகிறேன். நம் கோலாருக்குப் பழைய பெயர் குவளாலம். கங்க மன்னரின் முதல் தலைநகர் இதுவே. பிறகுதான் தலைக்காட்டுக்குப் போனார்கள். சிம்மநந்தி என்ற சமண ஆசாரியரின் அருளால் இவ்வரசு எழுந்தது என்று பிற்காலக் கல்வெட்டுகள் கூறும். கங்கன் இராச்சமல்லனின் அமைச்சர் சாமுண்டராயர், பத்தாம் நூற்றாண்டின் இறுதியில், சிரவணபெளகுளத்தில் 58 அடிக் கோமடேசுவரரை எழுப்பினார். அச்சிலையின் அடியில், செய்வித்தவர் சாமுண்டராயர் என்ற செய்தி கன்னடத்திலும் மராத்தியிலும் மட்டுமல்ல, தமிழிலும் உள்ளது. போகிறவர்கள் அடுத்த முறை குனிந்து பாருங்கள்.

பிறகு சோழர் வந்தனர். கோலார், நிகரிலிசோழ மண்டலத்தில் சேர்ந்தது. கோலாரம்மன் கோயிலில் அக்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. கங்க வழியினர் சோழருக்குக் கீழ்ச் சிற்றரசர் ஆனார்கள். அவர்களில் ஒருவன் சீயகங்கன் அமராபரணன், மூன்றாம் குலோத்துங்கன் காலத்தவன் (1178–1218). கல்வெட்டுகள் அவனைக் குவளாலபுரத்துக்குத் தலைவன் என்று பட்டம் சொல்லி அழைக்கும். அவனுக்கு இன்னொரு பெயர் திருவேகம்பமுடையான். அது காஞ்சி ஏகாம்பரநாதர் பெயர். அதாவது பெயரளவில் பார்த்தால் சைவன்.

அந்தத் திருவேகம்பமுடையான் தமிழுக்கு இலக்கணம் செய்து தரும்படி யாரைக் கேட்டான் தெரியுமா? பவணந்தி என்ற சமண முனிவரை. அப்படிப் பிறந்ததுதான் நன்னூல். ஐந்து இலக்கணமும் கேட்டான் என்று பாயிரம் கூறும். எழுத்தும் சொல்லும்தான் நமக்குக் கிடைத்துள்ளன. நன்னூலுக்கு முதலில் உரை கண்ட மயிலைநாதர் சமணர். அடுத்து வந்த சங்கர நமச்சிவாயர் சைவர்; அவர் உரையைத் திருத்தியவர் சைவ மடத்துச் சிவஞான முனிவர்; பத்தொன்பதாம் நூற்றாண்டில் காண்டிகையுரை செய்து பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். சைவத்துக்காக அவரைப் போல வாதாடியவர் இல்லை. அவரும் தமிழ் சொல்லிக் கொடுக்க எடுத்தது சமண முனிவர் செய்த இலக்கணத்தை!

ஆக, குவளாலபுரத்தான் என்ற பட்டம் பெற்றவன் கேட்டு, சமண முனிவர் செய்து, சைவ மடங்கள் காத்துக் கொடுத்த நூலைத்தான் இன்றைக்கும் நம் பிள்ளைகள் பதவியல், புணரியல் என்று படிக்கிறார்கள்.

6. பக்கத்து வீட்டிலும் இதுவே

கன்னட நாட்டிலும் இதே கதை நடந்திருக்கிறது. போசள விஷ்ணுவர்தனன் இராமானுசரால் வைணவன் ஆனான் என்பது மரபு. பேலூர்க் கோயில் 1117இல் எழுந்தது. ஆனால் பட்டத்தரசி சாந்தலை கடைசி வரை சமணர். சோழரிடமிருந்து தலைக்காட்டைப் பிடித்துக் கொடுத்த தளபதி கங்கராசரும் சமணர். அதே இராமானுசர் வழியாகத்தான் ஆழ்வார்களின் தமிழ் மேல்கோட்டைக்கு வந்தது. இன்றும் அங்கே ஒலிக்கிறது. பின்னர் 1368இல் சமணருக்கும் வைணவருக்கும் சச்சரவு வந்தபோது, விசயநகரத்துப் புக்கராயர் இருவர் கையையும் சேர்த்து வைத்து, இரு நெறிக்கும் வேற்றுமை இல்லை என்று கல்லில் வெட்டினார். சமண வீடுகள் வீட்டுக்கு ஒரு பணம் தர வேண்டும். அதைக் கொண்டு வைணவப் பெரியவர்கள் பெளகுளத்துக்கு இருபது காவலரை நியமிக்க வேண்டும். மீதிப் பணத்தில் ஜினாலயங்களைப் பழுது பார்க்க வேண்டும். இதிலும் நல்ல எண்ணத்தை நிற்க வைத்தது ஒரு கணக்குத்தான்!

நம் தங்கவயலிலேயே நூறு ஆண்டுக்கு முன் ஒரு புதிய தத்துவம் வந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) சாக்கிய பௌத்தம் மாரிக்குப்பத்தில் சங்கமாக வேரூன்றியது. 1907இல் சென்னையில் அவர் தொடங்கிய இதழ், அவர் காலத்துக்குப் பின் ஜி. அப்பாதுரையார் ஆசிரியராகத் 'தமிழன்' என்ற பெயரில் இங்கிருந்தே வெளிவந்தது. சித்தார்த்தா புத்தகசாலை அவர் நூல்களை இங்கே அச்சிட்டது. அதைப் பரப்ப மன்னர் யாரும் வரவில்லை. பாதாளத்தில் பாறை உடைத்துக் கூலி வாங்கியவர்களே காசு போட்டு நடத்தினார்கள். மாங்குளத்து நிகமத்தாருக்கும் மாரிக்குப்பத்துத் தொழிலாளருக்கும் இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி. எண்ணத்தைத் தூக்கி நடந்தது இரண்டிடத்திலும் உழைத்துப் பிழைத்த மக்கள்தான்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன். புதிய தத்துவம் சாதாரண மக்கள் வழியாகப் பரவுகிறது. மன்னன் பின்னால் வருகிறான். வந்த பிறகு நெல்லும் நிலமும் கொடுத்து அதை நிலைக்க வைக்கிறான். அப்போது கலை மாறுகிறது; மாறும்போது பழைய கலையின் உளியையும் யாப்பையும் இலக்கணத்தையும் கைவிடாமல் எடுத்துக்கொள்கிறது. ஆகவே "சமணம் தோற்றது, சைவம் வென்றது" என்ற வாக்கியம் இலக்கிய வரலாற்றில் பாதி உண்மைதான். மீதிப் பாதி விருத்தத்திலும் நன்னூலிலும் இருக்கிறது.

பேத்தி இப்போது பெங்களூரில் கல்லூரியில் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். போன விடுமுறையில் இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ அந்த ஆள் தப்பாப் பேசினாரா, தாத்தா?" என்றாள். "தப்பு இல்லம்மா, பாதிக் கணக்குச் சொன்னார்" என்றேன். "மீதியை யார் சொல்றது?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு முறை கோலாரம்மன் கோயிலுக்கும், முடிந்தால் சிரவணபெளகுளத்துக்கும் மேல்கோட்டைக்கும் அழைத்துச் செல்ல வேண்டும். கல்லில் உள்ள தமிழை அவர்களே விரல் வைத்துப் படிக்கட்டும். சைவர் வீட்டுப் பிள்ளை, வைணவர் வீட்டுப் பிள்ளை, பௌத்தர் வீட்டுப் பிள்ளை, கிறித்துவர் வீட்டுப் பிள்ளை, எங்கள் வீட்டுப் பிள்ளை எல்லாரும் ஒரே பஸ்ஸில் போகட்டும். பஸ் செலவில் பாதி என்னுடையது. தேதி மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். நாங்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பிடுகிறவர்கள், அதற்குத் தக்கபடி புறப்படலாம்.